ஐசி படத்தைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள்

பத்தாங் பெர்ஜுந்தை வட்டார ஆலய நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், தோட்டத்து இளைஞர் மன்றத்தினர், மகளிர் குழுவினர், உதவிப் பொருள் எடுத்துக் கொடுக்கும் எல்லாப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. அரிசி, எண்ணெய், மாவு, முறுக்குச் சாமான் கொடுக்க ஆள் பிடித்திருப்பீர்கள். யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் எடுக்கும் வேலையும் தொடங்கியிருக்கும். "உதவி வேண்டுவோர் ஐசியின் முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்துக் குழுவில் போடவும், பேங்க் நம்பரும் சேர்த்து" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வழக்கம்போல வரும். ஐசி என்பது நம் அடையாள அட்டை, மைகாட். இந்த ஆண்டு அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் நம் டவுனில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். பலகைகளில் ஊர்ப்பெயர் 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டாலும் கடைக்கு வருகிறவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். தென்னைமரம் தோட்டத்துப் பக்கமிருந்தும் புக்கிட் ரோத்தான் பக்கமிருந்தும் வருவார்கள். திரை உடைந்திருக்கும், பேட்டரி வீங்கியிருக்கும், சார்ஜ் ஏறாது. வேலை முடிந்ததும் கேமரா ஓடுகிறதா என்று வாடிக்கையாளர் முன்னாலேயே திறந்து பார்ப்பேன். கேமராவைத் திறந்தால் சில போன்களில் கடைசியாகச் சேமிப்பான படம் ஓரத்தில் சின்னதாகத் தெரியும். பல சமயம் அது ஒரு ஐசி. அவருடைய ஐசி என்றால் பரவாயில்லை. யாரோ ஒரு அக்காவுடையது, யாரோ ஒரு தாத்தாவுடையது. "இது யாருங்க?" என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "குரூப்பில வந்துச்சு" என்பார்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் வரும் படங்கள் பெரும்பாலான போன்களில் தானாகவே இறங்கிவிடும். இறங்கிய படம் கேலரிக்குள் போகும். அந்தப் படங்களுக்கும் கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருந்தால் அங்கேயும் ஒரு பிரதி ஏறும். இருநூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் ஐசியைப் போட்டால், அது கிட்டத்தட்ட இருநூறு போன்களில் உட்கார்ந்துவிடுகிறது. அவற்றில் சில போன்கள் காணாமல் போகும். சிலவற்றைப் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள். சில போன்கள் எதையும் அழிக்காமல் செகண்ட் ஹேண்டாக விற்கப்படும். போட்டவர் பயந்து "எல்லோருக்கும் அழி" என்பதை அழுத்தினாலும், வாட்ஸ்அப் அதற்கு ஏறக்குறைய இரண்டு நாள்தான் தவணை தருகிறது. அதற்குள் அழித்தாலும் ஐபோனில் ஏற்கெனவே சேமிப்பான படம் அங்கேயே இருக்கும். ஆகவே, அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். போடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

ஐசி நம்பர்தானே, அதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த 12 எண்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம். சிலாங்கூர் என்றால் 10, பேராக் என்றால் 08. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அட்டையின் முன்பக்கத்தில் முகவரியும் படமும் உண்டு. ஓர் ஆளின் வயது, ஊர், வீடு, முகம் எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடுகிறது. அதோடு பேங்க் நம்பரையும் கைப்பேசி எண்ணையும் நாமே சேர்த்துக் கேட்கிறோம்.

முன்பு பெரும்பாலும் அடையாளத்துக்கே பயன்பட்ட அட்டை இப்போது பணப்பையாகவும் ஆகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லா மலேசியருக்கும் கிடைத்த 100 வெள்ளி (ரிங்கிட்) சாரா உதவி, அதாவது அடிப்படைச் சாமான் வாங்க அரசாங்கம் தந்த உதவி, மைகாட் வழியாகத்தான் வந்தது. கடையில் அட்டையைக் கொடுத்துச் சாமான் வாங்கினோம். அந்தச் செப்டம்பர் இறுதியிலிருந்து ரோன்95 பெட்ரோலை 1.99 வெள்ளிக்கு ஊற்றுவதற்கும் அதே அட்டைதான். அந்த 100 வெள்ளிக்கு யாரும் எங்கும் பதிந்துகொள்ளத் தேவையே இருக்கவில்லை. ஆனால் இப்படி ஓர் உதவி அறிவிக்கப்படும்போதெல்லாம் "இங்கே பதிந்தால்தான் கிடைக்கும்" என்று லிங்க் சுற்ற ஆரம்பிக்கும். கோயில் குழுவில் வந்த செய்தி என்பதாலேயே நம்பி அழுத்துகிறார்கள். கோயில் பெயரில் இருக்கும் குழுவை நம் மக்கள் அப்படி நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நீங்கள்தான் காவல் இருக்க வேண்டும்.

பட்டியலைப் பற்றித்தான் எனக்கு மிகவும் கவலை. "பி40 குடும்பங்கள்" (வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காட்டினர்), "தனித்து வாழும் முதியோர்", "கணவரை இழந்த தாய்மார்கள்", "உடல் பேறு குறைந்தோர்" என்று தலைப்புப் போட்டு எக்செலில் பட்டியல் எடுக்கிறோம். பெயர், ஐசி, வீட்டு நம்பர், போன் நம்பர், பேங்க் நம்பர், பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். அன்போடுதான் எடுக்கிறோம். யார் வீட்டில் ஆள் துணை இல்லை, யாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாருக்கு எந்த மாதம் பணம் வரும் என்பதெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும். போனில் ஏமாற்றிப் பிழைப்பவன் காசு கொடுத்தாவது வாங்க நினைக்கும் பட்டியல் அது. அதை நாம் "லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வைத்துக் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மலாயில் பேசிய ஒருவன் தன்னைப் போலீஸ் என்று சொல்லியிருக்கிறான். உங்கள் ஐசியை வைத்து யாரோ போதைப்பொருள் பார்சல் அனுப்பியிருக்கிறார்கள் என்றானாம். பாட்டி முதலில் நம்பவில்லை. அப்புறம் அவன் அவருடைய முழுப்பெயரையும் ஐசி நம்பரையும் லயத்து வீட்டு நம்பரையும் சொன்னான். மகன் சிங்கப்பூரில் வேலை செய்வதையும் சொன்னான். "இவ்வளவும் தெரிஞ்சவன் போலீஸாத்தான் இருப்பான்னு நெனச்சேன்யா" என்று என்னிடம் அழுதார். போனில் வந்த டேக் நம்பரை, அதாவது பணம் அனுப்புவதை உறுதிப்படுத்த பேங்க் அனுப்பும் ஒருமுறை எண்ணை, அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணம் பேங்கிலிருந்து போய்விட்டது. என் கடைக்கு அவர் வந்தது, போன் கெட்டுப்போய்விட்டது, அதனால்தான் பேங்கில் பணம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அவருடைய விவரம் எந்தப் பட்டியலிலிருந்து போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யார் மீதும் பழி போடவும் இல்லை. ஆனால் "மகன் சிங்கப்பூரில்" என்பது எந்த பேங்க் பாரத்திலும் (படிவத்திலும்) இருக்காது, எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியிலும் இருக்காது. ஊருக்குள் இருப்பவர்கள் எடுத்த குறிப்பில்தான் அப்படிப்பட்ட விஷயம் இருக்கும்.

நம் மக்கள் கேட்டவுடன் ஏன் ஐசியைக் கொடுத்துவிடுகிறார்கள்? தோட்டக் காலத்தில் குடும்பத்தின் காகிதமெல்லாம் ஆபீசில்தான் இருந்தது. பிறப்புப் பத்திரமோ சேமநிதிப் பாரமோ, எதுவானாலும் தோட்டத்து எழுத்தரான கிராணி பார்த்துக்கொள்வார். எழுதத் தெரியாதவர்கள் காட்டிய இடத்தில் பெருவிரல் வைத்தார்கள். இது என்ன பாரம் என்று கேட்பது மரியாதைக் குறைவு. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, டவுன் ஓரத்துக் குறைந்த விலை வீடுகளுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. பெரிய மனிதர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். இன்று அந்தக் கிராணியின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், தலைவர் ஐயா. நீங்கள் கேட்டால் அவர்கள் மறுக்கப் போவதில்லை. அதனால், கேட்பதற்கு முன் இது தேவையா என்று யோசிக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

அடுத்து, நல்ல மனதோடு உதவி செய்யும் தம்பி தங்கைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2024-இல் ஜனவரியிலிருந்து மார்ச் வரை 'பாடு' என்ற அரசாங்கத் தரவுத்தளத்துக்கான பதிவு நடந்தபோது நம் இளைஞர்கள் லயம் லயமாகப் போய் முதியவர்களைப் பதிந்து கொடுத்தார்கள். எஸ்டிஆர் என்ற ரொக்க உதவி விண்ணப்பத்துக்கும், சேமநிதியின் இணையக் கணக்கான ஐ-அக்கவுன் திறப்பதற்கும் இப்படித்தான் ஓடினார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இவர்கள் இல்லாவிட்டால் பல பெரியவர்களுக்கு அந்தப் பணம் கிடைத்தே இருக்காது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் வேறொரு பாட்டியிடம் சொந்தக் கைப்பேசி இல்லை என்று உதவும் தம்பி தன் நம்பரையே போட்டுவிடுகிறார். பாஸ்வேர்டாக ஐசியின் எண்களையே வைக்கிறார், சுலபமாக நினைவிருக்குமாம். பத்துப் பன்னிரண்டு பெரியவர்களின் கணக்கு ஒரே நம்பரில் நிற்கும். பிறகு தம்பிக்கு ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை கிடைக்கும், பழைய பிரிபெய்டு நம்பருக்குப் பணம் ஏற்றாமல் விட்டுவிடுவார். நிறுவனம் சில மாதங்களில் அதே நம்பரை வேறு ஒருவருக்கு விற்கும். இனி அந்தப் பாட்டியின் கணக்குக்கு வரும் டேக் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். 2024 மே 11 முதல் சேமநிதியில் பிளெக்சிபல் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் போன் வழியாகவே பணம் எடுக்கலாம். ஆகவே, இது சின்ன விஷயமில்லை. பெரியவர் பெயரிலேயே ஒரு மலிவான சிம் வாங்கி, அவர் கையிலேயே கொடுத்து, அந்த நம்பரைப் போடுங்கள். ஏற்கெனவே உங்கள் நம்பரைப் போட்டிருந்தால் இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பணத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. அடிக்கும் கணவனை விட்டுப் பிள்ளைகளோடு வந்து நம் ஊரில் வாடகைக்கு இருக்கும் பெண்களும் நீங்கள் உதவும் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போனால், அந்த முகவரி யார் கையில் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். பிறப்புப் பத்திரம் சரியில்லாமல், குடிமக்களுக்குரிய நீல ஐசி கிடைக்காமல் அலையும் பிள்ளைகளின் காகிதங்களும் அப்படித்தான். "யாராவது எம்பி ஆபீசில் சொல்லி உதவுங்கள்" என்று அந்தப் பிள்ளையின் பத்திரம், தாயின் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை), தந்தை பெயர் இல்லை என்ற விவரம் எல்லாம் படமாக ஊர் ஊராகப் போகிறது. அந்தப் பிள்ளை நாளை அதே பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அவர்களுடைய பெற்றோர் போனிலும் அந்தப் படம் இருக்கும். அதை யார் அனுபவிக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்: எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிவு வந்ததும் பாராட்டுவது நல்லதுதான். ஆனால் முடிவுத் தாளில் ஐசி நம்பர் இருக்கிறது. தாளை அப்படியே முகநூலில் போடாமல், பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போடுங்கள்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய பதில்களுக்கு வருகிறேன்.

"எல்லாம் ஏற்கெனவே கசிந்துவிட்டதே" என்கிறார்கள். உண்மைதான். 2017-இல் நம் நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் ஐசி நம்பரோடும் முகவரியோடும் வெளியே போனது செய்தியானது. அதில் நானும் இருப்பேன், நீங்களும் இருப்பீர்கள். ஆனால் அந்தக் கோடிக்கணக்கில் யார் தனியாக இருக்கிறார், யார் புதிதாக விதவையானார் என்று அதை வைத்திருப்பவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பது நம் பட்டியல்தான்.

"ஸ்பான்சர் கேட்கிறார்" என்பது இன்னொரு பதில். பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பது நியாயம். எத்தனை குடும்பம், எந்தத் தோட்டம், யார் கையெழுத்து என்று கொடுங்கள். ஐசி பிரதியே வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் போட்டோஸ்டேட் எடுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் இன்ன உதவிக்கு மட்டும் என்று மலாயில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். முகத்தையும் எண்ணையும் தொடும்படி எழுத வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்டார்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 2024-இல் அதைத் திருத்தி, தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தினார்கள். தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. கோயில் உதவிப் பட்டியல் இதற்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். பாட்டிக்கு அந்த வாதத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. சட்டம் நம்மைக் கேட்காத இடத்தில் நாமே நமக்கு ஒரு விதி போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த விதி எளிமையாகவே இருக்கலாம். பொருள் கொடுக்கும் நாளில் ஐசியைக் கண்ணால் பாருங்கள், பெயருக்கு நேரே டிக் போடுங்கள், அட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அரிசி கொடுக்க ஐசி நம்பர் தேவையில்லை, பெயரும் வீட்டு நம்பரும் போதும். அட்டையை வாங்கி மேசையில் அடுக்கி வைக்காதீர்கள். வாசல் காவலாளிகள்கூட மைகாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் தேசியப் பதிவு இலாகாவின் நிலை. பேங்கில் பணம் போடும் உதவி என்றால், செயலாளர் ஒருவரே நேரில் போய் நம்பரை எழுதிக்கொள்ளட்டும், குழுவில் கேட்க வேண்டாம். பட்டியலை இரண்டு பேருக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கொடுத்து முடித்துக் கணக்கும் காட்டியாகிவிட்டால் காகிதத்தைக் கிழித்து எரித்துவிடுங்கள், கணினியில் இருப்பதை அழித்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு உதவும் என்று வைத்திருக்காதீர்கள். ஓர் ஆண்டில் எத்தனையோ வீட்டில் நிலைமை மாறியிருக்கும், எப்படியும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

பள்ளி அலுவலகக் கணினியிலோ கோயில் கணினியிலோ வாட்ஸ்அப்பைத் திறந்தவர்கள் மூடாமல் போய்விடுகிறார்கள். உங்கள் போனில் "லிங்க்ட் டிவைசஸ்" என்ற இடத்துக்குப் போனால் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று தெரியும். தெரியாத கணினி இருந்தால் அங்கேயே வெளியேற்றிவிடலாம். குழுவை நடத்தும் அட்மின்கள் எல்லோரும் இரண்டு படி சரிபார்ப்பை, அதாவது அந்த 6 இலக்கப் பின் நம்பரை, கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கை ஒருவன் பிடித்துவிட்டால் கோயில் தலைவர் பெயரிலேயே ஊர் முழுக்கக் கடன் கேட்பான். கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே என முடியும் ஃபைல் வந்தால், சொந்த அண்ணன் நம்பரிலிருந்து வந்தாலும் திறக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமைப் பூஜைக்குப் பிறகும் மைக்கில் சொல்லுங்கள். பத்திரிகை படமாகத்தான் வரும். ஏபிகே என்பது போனுக்குள் ஏறி உட்காரும் செயலி. கேட்கும் அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால் டேக் செய்தியை அதுவே படித்து வெளியே அனுப்பிவிடும்.

அதே மைக்கில் 997 என்ற எண்ணையும் சொல்லுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. ஏமாந்தது தெரிந்தவுடன் கூப்பிட்டால் பணம் போகும் வழியில் நிறுத்தப் பார்ப்பார்கள். மறுநாள் பிள்ளைகள் வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் பணம் பல கை மாறிவிடும். பணத்தை இழந்த அந்தப் பாட்டி வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் போடுமுன் அது மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கா என்று போலீசின் செமாக் மியூல் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இளைஞர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏடிஎம் கார்டைக் கொடுத்தால் மாதம் சில நூறு வெள்ளி தருகிறோம் என்று யாராவது வந்தால் போகாதீர்கள். பாட்டியின் பணம் போனதைப் போன்ற மோசடிகளில் பணம் இறங்குவது அப்படி வாடகைக்குக் கொடுத்த கணக்குகளில்தான். 2024-இல் அதைக் குற்றமாகவே தண்டனைச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழுதுக்கு வரும் போனின் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிப் போனிலேயே ஒட்டி வைப்பது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. அதை விட்டுவிடுவோம். போட்டோஸ்டேட் கடைக்காரர்கள் பிரிண்ட் எடுக்க வாங்கிய ஐசி படங்களை அன்றன்று மாலை கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள். பழைய போன் வாங்கும்போது விற்பவர் முன்னாலேயே கூகுள் கணக்கை எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்து காட்டுங்கள்.

ஆலயத் தலைவர்களே, செயலாளர்களே, நீங்கள் வேண்டுமென்று யாருக்கும் கெடுதல் செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு அரிசி மூட்டை இறக்கும் உங்களை ஊரே பார்த்திருக்கிறது. அதனால்தான் அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அரசாங்கம் ஒரு விதியை மாற்ற ஆண்டுக்கணக்காகும். நீங்கள் நினைத்தால் அடுத்த கூட்டத்திலேயே மாற்றலாம்.

இரண்டு வேண்டுகோள்கள். முதலில், உங்கள் குழுவில் இதுவரை வந்த ஐசி, பிறப்புப் பத்திரம், பேங்க் புத்தகம் படங்களை எல்லோரும் தங்கள் போனிலிருந்து அழிக்கும்படி ஒரு செய்தி போடுங்கள். கேலரியில் அழித்த பிறகு குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். கூகுள் போட்டோஸ் 60 நாள் வரை அங்கே வைத்திருக்கும். அப்புறம் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, தீபாவளிப் பட்டியலை வீடு வீடாகப் போய் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுங்கள். கூடுதல் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

போனில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் கடைக்கு வந்தால் செய்து தருகிறேன், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். அன்று எந்தக் கோயில் மண்டபத்துக்கு, எந்தப் பள்ளிக்குக் கூப்பிட்டாலும் வந்து எல்லோருடைய போனையும் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். முதியவர்களை முதலில் வரச் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் நேரம் அதிகம் எடுக்கும்.

அன்புடன்,
கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் உங்கள் தம்பி
பத்தாங் பெர்ஜுந்தை